கழுத்து ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை: அப்பாவின் மூளைக்கு என்ன ஆகும்?

ஈசூன் மகள்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் பல வருடங்களாக உண்டு. போன வாரம் காலையில் தமிழ் முரசு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர், இடது கண்ணில் மட்டும் மேலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டிக்கொண்டு வருகிறது என்றார். சில நிமிடத்தில் தெளிந்துவிட்டது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் சொல்ல, கண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் பார்த்துவிட்டு, கோளாறு கண்ணில் இல்லை, இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஸ்கேன் எடுத்ததில் இடது கழுத்தில் மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனியில் 80 விழுக்காடு அடைப்பு. வரும் வாரமே அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார்கள். அம்மா ஒரேயடியாகப் பயப்படுகிறார். "மூளைக்குப் போற ரத்தத்தை நிறுத்திட்டா கத்தி வைப்பாங்க? அப்புறம் அவருக்கு எங்கள்ல யாரை ஞாபகம் இருக்கும்?" என்று இரவெல்லாம் தூங்கவில்லை. அப்பா இன்றைக்கும் கோயில் கணக்கைத் தானே எழுதுகிறவர். கண்தான் தெளிந்துவிட்டதே, இவ்வளவு அவசரம் எதற்கு என்பது எனக்கும் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட்

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற தாதி. நரம்பியல் வார்டில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அவசரம் ஏன் என்பது. அப்பாவுக்குக் கண்ணில் வந்தது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை. கழுத்தில் தாடைக்குக் கீழே கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும். ஒன்று முகத்துக்கு, மற்றொன்று மூளைக்கு. கண்ணுக்கு ரத்தம் தரும் சிறு தமனி, மூளைக்குப் போகும் அந்தக் கிளையிலிருந்துதான் வருகிறது. பிரிகிற இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, அதன் மேல்தோல் வெடித்தால் அங்கே ரத்தம் உறையும். உறைந்ததில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய்க் கண்ணில் சிக்கினால் திரை இறங்கும். மூளையில் சிக்கினால் வலது கை, வலது கால், பேச்சு போகும். துணுக்கு அன்று கரைந்துவிட்டது, அதனால் கண் தெளிந்தது. ஆனால் அது வந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த துணுக்கு வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்று மருத்துவர்கள் துரிதப்படுத்துவது இதனால்தான்.

அடுத்து அம்மாவின் கேள்வி. ஆமாம், அந்தத் தமனியைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு மூடித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஆனால் மூளைக்கு ரத்தம் வருவது அந்த ஒரு குழாய் வழியாக மட்டுமில்லை. வலது கரோட்டிட் இருக்கிறது, பின்கழுத்தில் முதுகெலும்பை ஒட்டி இரண்டு தமனிகள் இருக்கின்றன. இந்த நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இடது பக்கம் மூடினால் வளையம் வழியாக மற்ற பக்கத்து ரத்தம் வந்து சேரும். இந்த வளையம் எல்லோருக்கும் முழுமையாக இருப்பதில்லை என்பதால்தான், மூடியபின் மூளைக்குப் போதுமான ரத்தம் வருகிறதா என்று அவர்கள் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். போதாவிட்டால் ஷண்ட் என்கிற சிறு குழாயை வெட்டிய இடத்துக்குள் செருகி, அதன் வழியே ரத்தத்தை ஓட விட்டுக்கொண்டே வேலையை முடிப்பார்கள். சில அறுவை மருத்துவர்கள் எல்லாருக்குமே ஷண்ட் போடுவார்கள்.

கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியை விழிப்போடு வைத்துச் செய்யும் முறையும் உண்டு. கையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், பெயர் கேட்பார்கள், எண்ணச் சொல்வார்கள். பிடி தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நொடியே தெரிந்துவிடும். முழு மயக்கத்தில் செய்தால் நெற்றியில் ஒட்டும் உணரி, மூளை அலைப் பதிவு, நெற்றிப்பொட்டு வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றில் ஏதாவது இருக்கும். எந்த முறை, ஏன் என்று மயக்க மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

தேக்கா வாசி

வயசான காலத்தில் கழுத்தைக் கிழிப்பதா? பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் நான்கையும் காய்ச்சித் தேன் கலந்து காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் தெருவில் ஒருவர் குடிக்கிறார். கூடவே கழுத்துக்கு எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் ரத்தம் நன்றாக ஓடும். ஒரு மாதம் முயற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே.

கிளமெண்டி வாசகன்

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த இழையை அந்தக் குடும்பம் இப்போது படித்துக்கொண்டிருக்கிறது, அதனால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிவு குழாயின் உட்பரப்பில் ஒட்டியிருக்கும் அழுக்கு அல்ல, குடிக்கிற எதுவும் அதைக் கழுவிக்கொண்டு போக. அது குழாய்ச் சுவரின் உட்படலத்துக்குள்ளேயே வளர்ந்து, சுண்ணாம்பு ஏறி, இறுகிப்போன ஒன்று. அறுவைச் சிகிச்சையில் அந்த உட்படலத்தோடு சேர்த்துத்தான் உரித்தெடுக்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அதை உறுதிப்படுத்தும், வெடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். சமையலில் பூண்டு சேர்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. அளவுக்கு மீறிக் காய்ச்சிக் குடித்தால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினோடு சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

கழுத்தைப் பிடித்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அடைப்புள்ள கரோட்டிட் தமனியை அழுத்தித் தேய்த்தால் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகலாம். முடிவெட்டும் கடைகளில் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுக்கிறார்களே, அதையும் அப்பா விட்டுவிட வேண்டும். அது ஆரோக்கியமான தமனியின் உட்சுவரையே கிழித்துப் பக்கவாதம் கொண்டுவரக்கூடியது.

"ஒரு மாதம் பார்ப்போம்" என்பதற்கும் பதில் இருக்கிறது. நாசெட் என்று ஒரு வட அமெரிக்க ஆய்வு, 1991-இல் முடிவு வந்தது. அறிகுறி வந்து, 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் 26 விழுக்காட்டினருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம். அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் 9 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் இந்தப் பிரிவினரிடம் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்றைய மருந்துகள் அன்றையதைவிட நல்லவை என்பதால் இப்போது வித்தியாசம் குறைந்திருக்கும். இருந்தாலும் ஈசூன் அக்காவின் அப்பா இருக்கும் நிலைக்கு மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அறுவைச் சிகிச்சையிலேயே பக்கவாதம் வரும் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அறிகுறி வந்தவர்களுக்குச் செய்யும்போது பக்கவாதமோ மரணமோ 6 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டிகளின் வரம்பு. நல்ல கைகளில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த மருத்துவமனையில் உங்கள் குழுவுக்கு இந்த விழுக்காடு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

பிடோக் மருமகன்

என் மாமனாருக்கு வலது பக்கம் செய்தார்கள். மூளையைப் பற்றியே எல்லோரும் யோசிப்பதால் கழுத்தில் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்கு விரிவாகச் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்.

கண் விழித்ததும் குரல் கரகரத்தது. காதுமடலும் தாடையின் கீழ்ப்பகுதியும் மரத்துப்போயிருந்தன, சவரம் செய்யும்போது பிளேடு படுவதே அவருக்குத் தெரியவில்லை. சிரித்தால் உதட்டோரம் ஒரு பக்கம் இறங்கியது. நாங்கள் பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டோம், மாமியார் வார்டிலேயே அழுதுவிட்டார். மருத்துவர் வந்து விளக்கினார்: இது மூளை சம்பந்தப்பட்டது இல்லை, அந்தத் தமனியைச் சுற்றி நாக்குக்கும் குரலுக்கும் உதட்டுக்கும் போகும் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன, விலக்கிப் பிடித்ததில் அவை இழுபட்டிருக்கின்றன. குரலும் உதடும் சில மாதத்தில் சரியாகிவிட்டன. காதுமடல் மரப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மின்சார ரேசருக்கு மாறிவிட்டார்.

செலவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மானியம் உள்ள வார்டு என்றால் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். இடிக்கிறது என்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சொல்லுங்கள்.

ஈசூன் மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "நாலு குழாய் இருக்கா" என்று இரண்டு முறை கேட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, ஞாபக சக்தி. இரண்டு, என் அண்ணன் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைத்து, வெட்டாமல், குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்துவிடலாமே, இதயத்துக்கு வைக்கிறார்களே என்கிறார்.

கிளமெண்டி வாசகன்

ஸ்டென்ட்டை முதலில் முடித்துவிடுகிறேன். கிரெஸ்ட் என்ற ஆய்வு 2010-இல் இரண்டையும் ஒப்பிட்டது. நான்கு வருடக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் செய்யும் நாட்களில் வரும் ஆபத்து வேறு வேறு வகை: ஸ்டென்ட்டில் பக்கவாதம் அதிகம் (4.1 விழுக்காடு, அறுவையில் 2.3), அறுவையில் மாரடைப்பு அதிகம் (2.3 விழுக்காடு, ஸ்டென்ட்டில் 1.1). வயது கூடக்கூட அறுவையின் பக்கம் தராசு சாய்ந்தது, எழுபதை ஒட்டித்தான் அந்தத் திருப்பம். கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தும்போது துணுக்குகள் உதிர்கின்றன என்பதே காரணம். மற்றோர் ஆய்வில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் புதிய சிறு புள்ளிகள் ஸ்டென்ட் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு இருந்தன, அறுவை செய்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கு. பெரும்பாலானவை எந்த அறிகுறியும் தராத புள்ளிகள். கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர், இதயம் மிகப் பலவீனமானவர், அடைப்பு எட்டாத உயரத்தில் உள்ளவர் என்றால் ஸ்டென்ட்தான் பொருத்தம். அப்பாவுக்கு அப்படி ஏதாவது உண்டா என்று உங்கள் அண்ணன் மருத்துவரிடமே கேட்கட்டும்.

ஞாபக சக்திதான் கடினமான கேள்வி, நான் அதிகம் படித்ததும் இதைப் பற்றித்தான். நுட்பமான மனத்திறன் சோதனைகள் வைத்துப் பார்த்த நியூயார்க் குழு ஒன்று, அறுவைக்கு மறுநாள் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சிறிய பின்னடைவு இருப்பதைக் கண்டது. எண்களைத் தலைகீழாகச் சொல்வது, சொற்களைத் திரும்பச் சொல்வது போன்றவற்றில். பலருக்கு அது வாரங்களில் மறைந்துவிட்டது. வேறு சில ஆய்வுகளில் சிலர் முன்பைவிடத் தேறினார்கள், பெரும்பாலோர் முன்பிருந்தபடியே இருந்தார்கள். இப்படி முடிவுகள் சிதறுவதற்குக் காரணம் இருக்கிறது. கடுமையான அடைப்பால் மூளையின் ஒரு பகுதி நெடுநாள் குறைந்த ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால், வழி திறந்ததும் அது தெளிவடையலாம். அறுவையின்போது சிறு துணுக்குகள் போயிருந்தாலோ, மூடிய நேரத்தில் ரத்தம் குறைந்திருந்தாலோ கொஞ்சம் இழக்கலாம். ஒரே ஆளுக்குள் இரண்டும் நடக்கலாம்.

என் கருத்து இது: ஞாபகத்தைக் கூட்டுவதற்காக இந்த அறுவையை யாரும் செய்துகொள்ளக் கூடாது, ஞாபகம் போய்விடும் என்று பயந்து இதைத் தவிர்க்கவும் கூடாது. இது ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யும் சிகிச்சை அல்ல, அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கும் சிகிச்சை. ஒரு மனிதரின் ஞாபகத்தையும் பேச்சையும் கணக்கெழுதும் திறனையும் ஒரே நாளில் பறிப்பது பக்கவாதம்தான். வயதானவர்களுக்கு மயக்க மருந்துக்குப் பின் ஓரிரு நாள் குழப்பம் வரலாம், இரவில் நேரம் காலம் தெரியாமல் பேசலாம். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் எடுத்துப்போங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கம்போங் கிளாம்

சலாம். என் மச்சானுக்குச் செய்தபோது எங்களுக்கு வேறொரு கேள்வி வந்தது. தமனியை மூடும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. எங்கள் பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டோம், உயிர் காக்கும் தேவை, மாற்று இல்லாத இடம், தயங்க வேண்டாம் என்றார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டதால் அறுவை நாளன்று மனம் நிம்மதியாக இருந்தது.

இரவு ஷிப்ட்

நல்ல விஷயத்தை எடுத்தீர்கள். இந்துக் குடும்பங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிவை உரித்தபின் குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஒட்டுத் துண்டு வைத்துத் தைப்பார்கள். பல இடங்களில் அது மாட்டின் இதய உறையிலிருந்து செய்யப்பட்ட துண்டு. செயற்கைத் துணித் துண்டும் உண்டு, நோயாளியின் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயைக்கூடப் பயன்படுத்தலாம். உங்கள் அப்பா கோயில் காரியங்களில் இருப்பவர் என்றீர்கள், முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஈசூன் மகள்

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செயற்கைத் துண்டு வைக்கக் கேட்டோம், உடனே சம்மதித்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், எல்லாம் செய்தார். அம்மாவைப் பார்த்து "சாப்பிட்டியா" என்றார். அம்மா அழுததைப் பார்த்து வார்டே கலங்கிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்று மாலையிலிருந்து இடது பக்கம் தலை வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னால் துடிக்கிறது என்கிறார். பனடால் கொடுத்தேன், அவ்வளவாகக் கேட்கவில்லை. காயம் ஆறும் வலியா?

இரவு ஷிப்ட்

தங்கச்சி, இதைப் படித்ததும் ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். அறுவை செய்த அதே பக்கம் தலைவலி என்றால் காத்திருக்க வேண்டாம், எண் எவ்வளவு வந்தாலும் சரி, இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கழுத்து வீங்கி மூச்சு முட்டினாலோ நேராக 995 ஆம்புலன்ஸ்தான்.

காரணம் சொல்கிறேன். பல மாதங்களாகக் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைப் பகுதியின் நுண்குழாய்கள் எப்போதும் விரிந்தே இருக்கும், சுருங்கிக் கட்டுப்படுத்தும் பழக்கத்தை இழந்திருக்கும். திடீரென்று முழு வேகத்தில் ரத்தம் வரும்போது அவற்றால் தாங்க முடியாமல் போகலாம். மிகையோட்டம் என்பார்கள். நூறில் ஒருவர் அளவில்தான் வரும். ஆனால் கவனிக்காவிட்டால் வலிப்போ மூளைக்குள் ரத்தக்கசிவோ ஆகலாம். பெரும்பாலும் முதல் வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் வரைகூட. அழுத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று, ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதே அந்தத் தமனி பிரியும் இடத்தில்தான். அங்கேயே கத்தி பட்டிருப்பதால் அழுத்தம் சில நாள் ஏறி இறங்கும்.

ஈசூன் மகள்

அளந்தபோது மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தது. உடனே டாக்சியில் போனோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. இரவு முழுவதும் அங்கேயே வைத்து ஊசி வழியாக அழுத்தத்தைக் குறைத்தார்கள், தலைவலி விட்டுவிட்டது. மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள். காலையும் மாலையும் அளந்து குறித்து வரச் சொன்னார்கள், அப்பாவே கோயில் கணக்கு நோட்டு மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார். அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

புங்கோல் தம்பி

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு நாற்பத்தைந்து, எந்தத் தொந்தரவும் இல்லை. தனியார் உடல் பரிசோதனைத் தொகுப்பில் கழுத்து ஸ்கேனும் சேர்த்துத் தருகிறார்கள். அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்னமே அறுவை செய்துகொள்ளலாமா? சிங்கப்பூர் அமைச்சராக இருந்த ஹெங் சுவீ கியட் 2016-இல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தாரே, அதுபோல் ஆகிவிடுமோ என்று பயம்.

கிளமெண்டி வாசகன்

தம்பி, அவருக்கு வந்தது மூளைக்குள் ரத்தக்குழாய் புடைத்து வெடித்ததால் வந்த பக்கவாதம். கழுத்து ஸ்கேனில் அது தெரியாது.

அறிகுறியே இல்லாதவர்களுக்குக் கணக்கு வேறு. 1990-களிலும் 2000-களிலும் வந்த பெரிய ஆய்வுகளில், அறிகுறி இல்லாமல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஐந்து வருடப் பக்கவாத ஆபத்து 11, 12 விழுக்காடு, அறுவை செய்தால் 5, 6. அதுவும் அன்றைய மருந்துகளோடு. அதனால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று 2021-இலும் சொன்னது. தேவையில்லாத ஸ்கேன் தேவையில்லாத அறுவையில் கொண்டுபோய் விடலாம். அதோடு, நம் ஆசியர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் தமனிகளில் அடைப்பு வருவது வெள்ளையர்களைவிட அதிகம். கழுத்து சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கை உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரும்.

இரவு ஷிப்ட்

அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள் தம்பி. அரசாங்கத்தின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் பதிந்திருக்கிறீர்களா? நாற்பதைத் தாண்டியவர்கள் பதியலாம். உங்கள் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் பாருங்கள். புகைப்பவர் என்றால் அதை முதலில் விடுங்கள். வீட்டில் யாருக்காவது ஒரு கண் மட்டும் இருட்டினாலோ, ஒரு கை மட்டும் மரத்துப்போனாலோ, அது ஐந்து நிமிடத்தில் சரியானாலும், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

புங்கோல் தம்பி

புகைக்கிறேன் அக்கா. பதியவில்லை. இன்று இரவே பதிகிறேன்.